ஊர் சுற்றுகிறவன், ஊர் மேய்கிறவள்

'பட்டதாரி' என்ற சொல்லுக்குத் தமிழில் ஆண்பால் பெண்பால் கிடையாது. ஆனால் அதன் முன்னால் 'வேலையில்லா' என்று சேர்த்துப் பாருங்கள், உடனே மீசை முளைத்துவிடும். படித்து முடித்து வேலையில்லாமல் இருக்கும் பெண்ணை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவள் 'வீட்ல இருக்கா'. ஆறு மாதம் கழித்து 'பாத்துக்கிட்டு இருக்கோம்' என்பார்கள். பார்ப்பது வேலையை அல்ல.

இன்னொரு சொல்லும் இருக்கிறது. பையன் வெட்டியாகத் திரிந்தால் 'ஊர் சுத்துறான்'. கோபமாகச் சொன்னாலும் அதற்குள் ஒரு செல்லம் உண்டு. அதையே பெண் செய்தால் எங்கள் தென்காசிப் பக்கம் 'ஊர் மேயுதா' என்பார்கள். அதில் செல்லம் கிடையாது. ஒரே வேலைக்கு இரண்டு வினைச்சொற்கள். ஒன்று மனிதனுக்கு உரியது, மற்றது மாட்டுக்கு உரியது.

நான் ஒரு கோடை முழுக்க மேய்ந்திருக்கிறேன். 2014 மே கடைசி வாரத்தில் பி.ஏ. தேர்வு முடிந்த கையோடு சென்னைக்கு வந்தேன். அண்ணா நகரில் குரூப் 2 தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தேன். வகுப்பில் சேர்ந்தது உண்மை. போனது எட்டு நாள். மீதி நாட்களில் தோழிகளின் அறைகளில் முறைவைத்துத் தங்கினேன், கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயிலில் போய் அதே ரயிலில் திரும்பி வந்தேன், கன்னிமாரா நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே தூங்கினேன். ஜூலையில், ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது, 'வேலையில்லா பட்டதாரி' வெளியானது. விடுதித் தோழிகள் நான்கு பேருடன் பகல் காட்சிக்குப் போனேன். அந்தக் கோடையையும் அந்தப் படத்தையும் என்னால் இன்றுவரை பிரித்து யோசிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன், விசில் அடித்தவர்களில் நானும் ஒருத்தி. வேல்ராஜ் இயக்கி தனுஷ் நடித்த அந்தப் படத்தின் முதல் பாதி பட்டப்படிப்புக்கும் சம்பளத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்த வெற்று நாட்களைத் துல்லியமாகப் பிடித்திருந்தது. சம்பாதிக்கிற தம்பிக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை, அப்பாவின் முகத்தில் விழிக்காமல் நழுவுவது, வண்டி என்ற பெயரில் ஒரு மொபெட். ரகுவரன் சிவில் இன்ஜினியரிங் படித்தவன். கட்டட வேலை கிடைத்தால் போவான், இல்லாவிட்டால் சும்மா இருப்பான். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. என் அறைத்தோழி மட்டும், தமிழ் இலக்கியம் படித்தவள், இடைவேளையில் பாப்கார்ன் வாங்கும்போது சொன்னாள்: "எங்க வீட்ல 'எனக்குப் புடிச்ச வேலைதான் வேணும்'னு சொன்னா மறுநாளே பூ வச்சிருவாவ."

அந்தப் படத்தில் ரகுவரனுக்கு வேலை எப்படிக் கிடைக்கிறது என்று நினைவிருக்கிறதா? அம்மா மாரடைப்பில் இறந்துபோகிறாள். மகன் குடித்துவிட்டுக் கிடந்ததால் அவள் அழைத்தபோது போனை எடுக்கவில்லை. அவளுடைய நுரையீரல் இன்னொரு பெண்ணுக்குப் பொருத்தப்படுகிறது. அந்தப் பெண்ணின் அப்பா கட்டுமான நிறுவனம் நடத்துகிறவர். வேலை அங்கிருந்து வருகிறது. கதைச்சுருக்கமாக எழுதினால் கேலி போலத் தெரியும், ஆனால் படம் இதை முழு மனதோடு, கண்ணீரோடு சொல்கிறது. மகனின் சும்மா இருந்த ஆண்டுகளுக்கான பாக்கியை அம்மா தன் உடம்பால் அடைக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஷாலினி பல் மருத்துவர், நன்றாகச் சம்பாதிக்கிறவள். அவளும் அவனுக்குக் கைகொடுக்கத் தயாராக வந்து நிற்கிறாள். அவள் ஒரு நாள் கூட வேலையில்லாமல் இருந்ததாகப் படத்தில் இல்லை. இருந்திருந்தால் கதைக்குள் வந்திருக்க மாட்டாள்.

இது 2014இல் தொடங்கியதும் அல்ல. 1981இல் வந்த ராபர்ட் ராஜசேகரனின் 'பாலைவனச் சோலை'யை எடுத்துக்கொள்ளுங்கள். வேலையும் வழியும் இல்லாத இளைஞர்கள், அவர்கள் வட்டத்துக்குள் தோழியாக வரும் ஒரு பெண். சுகாசினி நடித்த அந்தக் கீதா தமிழ் சினிமாவில் அபூர்வமானவள். யாருக்கும் காதலியாக அல்லாமல் தோழியாக வந்து உட்காருகிறாள், பேசுகிறாள், திட்டுகிறாள். என் அம்மா தலைமுறைப் பெண்கள் இன்றும் அந்தப் படத்தைச் சொல்லும்போது குரல் மாறுகிறது. ஆனால் கீதாவுக்கு இதயநோய். அவள் சாக வேண்டும். செத்தால்தான் அந்த நட்பு களங்கமில்லாதது என்று ஊர் நம்பும். அவளுக்கு ஏன் பெண் சிநேகிதி ஒருத்தி கூட முக்கியமாக இல்லை என்ற கேள்வி எனக்கு மிகத் தாமதமாகத்தான் வந்தது.

ஆண்கள் சும்மா இருப்பதற்கு நம் சினிமாவில் பெரிய கலைமரபே இருக்கிறது. குட்டிச்சுவர், டீக்கடை, மொட்டை மாடி, 'சென்னை 600028'இன் மைதானம். பெண்கள் நான்கு பேர் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்கும் காட்சியைத் தேடினால் கல்லூரி மரத்தடியும் கோயில் படிக்கட்டும் தவிர அதிகம் தேறாது. கல்லூரி முடிந்ததும் அந்த மரத்தடியும் போய்விடுகிறது.

அதே கோடையில்தான் வேளச்சேரித் தோழியின் லேப்டாப்பில் 'ஃபிரான்சஸ் ஹா' பார்த்தேன். அவள் அப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சியில் இருந்தாள். யாரோ பென் டிரைவில் கொடுத்த படம். நோவா பாம்பாக் இயக்கி, அவரும் கிரெட்டா கெர்விக்கும் சேர்ந்து எழுதியது, 2012. கறுப்பு வெள்ளை. இருபத்தேழு வயது ஃபிரான்சஸுக்கு நடனக்காரியாக வேண்டும், நடக்கவில்லை. கூடவே தங்கியிருந்த உயிர்த்தோழி சோஃபி வேறு பகுதிக்குக் குடிபோகிறாள். அதன் பிறகு ஃபிரான்சஸ் ஒவ்வொரு வீடாக மாறுகிறாள், ஒவ்வொரு முறையும் அந்த முகவரி திரையில் எழுத்தாக வருகிறது. நான் அதைப் பார்த்தபோது என் நான்காவது முகவரியில் இருந்தேன். அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்ப முகவரி கேட்டபோதெல்லாம் எதைச் சொல்வது என்று விழித்திருக்கிறேன். அமெரிக்கக்காரி ஒருத்தியின் படத்தில் முகவரி பொறித்த அந்தத் தட்டிகள் என்னைக் கலங்கடித்தன.

அந்தப் படத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது, ஃபிரான்சஸுக்கு யாரும் தண்டனை தரவில்லை என்பதுதான். கடன் அட்டையில் பாரிஸுக்குப் போகிறாள், அங்கே தூங்கியே நேரத்தைக் கழிக்கிறாள், பார்க்க நினைத்த தோழியைப் பார்க்க முடியாமலே திரும்புகிறாள். மடத்தனமான பயணம். ஆனாலும் படம் அவளைக் கொல்லவில்லை, கெடுக்கவில்லை, கல்யாணம் செய்துவைக்கவும் இல்லை. கடைசியில் சின்னதாக ஒரு சொந்த வீடு எடுத்து, தபால் பெட்டிச் சீட்டில் பெயர் எழுதுகிறாள். முழுப்பெயர் அடங்காமல் மடித்துச் செருகுகிறாள். படத்தின் தலைப்பே அந்த மடிப்பில் மிஞ்சியதுதான்.

ஆனால் அந்தப் படத்தைக் கொண்டாடி எழுதும் நம் தோழிகளோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. தான் ஏழை என்று ஃபிரான்சஸ் சொல்லும்போது கூடக் குடியிருக்கும் ஒருவன், உண்மையான ஏழைகளுக்கு அது அவமானம் என்கிறான். படத்துக்கே அது தெரிந்திருக்கிறது. அவள் வீடு கேட்டுப் போன எந்த இடத்திலும் யாரும் அவளிடம் 'என்ன ஆளுங்க' என்று கேட்கவில்லை. எங்களிடம் கேட்டார்கள். மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறைக்கு மூன்று பேர் போனோம். வீட்டுக்காரம்மா ரொம்பவும் அன்பாக மோர் கொடுத்துவிட்டு ஊரைக் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார், அசைவம் சமைப்பீர்களா என்று கேட்டார். மூன்று கேள்வியும் ஒரே கேள்விதான். எங்களில் ஒருத்தி பதிலுக்கு டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த அறை கிடைக்கவில்லை. நகரத்தில் பெண்கள் சும்மா திரிவதைப் பற்றிப் பேசும்போது 'பெண்கள்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடியாது என்பதை நான் எந்தப் புத்தகத்திலும் படிப்பதற்கு முன்னால் அந்த மோர் டம்ளர் சொல்லிக்கொடுத்தது.

புத்தகமும் இருக்கிறது. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' 2011இல் வந்தது. பொது இடத்தில் நிற்கும் பெண் எப்போதும் ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறாள் என்கிறார்கள். பாதுகாப்பு கொடுங்கள் என்று கேட்காமல், காரணமில்லாமல் திரியும் உரிமையைக் கேளுங்கள் என்கிறார்கள். பெண் பாதுகாப்பு என்ற பெயரில் ஏழை ஆண்களையும் முஸ்லிம் ஆண்களையும் தெருவிலிருந்து விரட்டுவதற்கு நாம் உடந்தையாகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். இதைப் படித்தபோது என் பயிற்சி வகுப்புப் பை ஞாபகம் வந்தது. எட்டு நாளில் நின்றுவிட்ட வகுப்பின் பொது அறிவுப் புத்தகத்தை இரண்டு மாதமும் பையில் சுமந்தேன். அதுதான் என் கடவுச்சீட்டு.

பெரம்பூரில் இருந்த தோழிக்கு என்ன காரணம் வேண்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இறுதியாண்டு முடிவதற்குள் அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. அவளைப் பார்க்க அவள் மாமியார் வீட்டுக்குப் போனேன். அத்தை நல்லவர், கேசரி கிண்டிக் கொடுத்தார், எங்களோடேயே உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம் நாங்கள் மூவரும் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசினோம். கிளம்பும்போது பஸ் ஸ்டாப் வரை வரட்டுமா என்று தோழி கேட்டாள். "வெயிலு, எதுக்கும்மா?" என்றார் அத்தை. அவ்வளவுதான். அதட்டல் இல்லை, தடை இல்லை. பதினைந்து நாள் கழித்து அவள் 29சி பஸ் ஏறி பெசன்ட் நகருக்கு வந்தாள். பல் வலி, டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். கடலைப் பார்த்து உட்கார்ந்து சுண்டல் தின்றோம். கணவரிடமிருந்து மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் டாக்டர் இன்னும் வரவில்லை என்று சொன்னாள். நாற்பது நிமிடம் இருந்திருப்பாள். போகும்போது பல் வலிக்கு மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு போனாள், பையில் காட்டுவதற்கு.

2017இல் பிரம்மாவின் 'மகளிர் மட்டும்' வந்தபோது திரையரங்கில் நான் அழுததற்கு அவள்தான் காரணம். பள்ளி விடுதியிலிருந்து படம் பார்க்கப் போய் மாட்டிக்கொண்டு பிரிந்த மூன்று தோழிகள் வயதான பிறகு சந்திக்கிறார்கள். பெண்கள் தோழியைப் பார்க்கப் போவதையே ஒரு முழுப் படத்தின் கதையாக வைத்தது தமிழில் பெரிய காரியம். 'வேலையில்லா பட்டதாரி'யில் அம்மாவாகச் செத்துப்போன சரண்யா இதில் உயிரோடு ஊர் சுற்றுகிறார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனாலும் அந்தச் சந்திப்பு கடமையெல்லாம் முடிந்த பிறகுதான் வருகிறது. பிள்ளை பெற்று, வளர்த்து, கணவன்மாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு. அதுவும் மருமகளாகப் போகிற ஒருத்தி புல்லட்டில் வந்து கூட்டிப்போனால். இருபத்திரண்டு வயதில், இன்னும் எந்தக் கடமையும் தொடங்காத போது, அந்த நட்புக்கு என்ன இடம் என்று படம் கேட்கவில்லை. பெரம்பூர்த் தோழி புல்லட்டுக்காக இன்னும் இருபத்தைந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்றை மறைப்பது நியாயமில்லை. பயிற்சி வகுப்புக்கான பணத்துக்கு அம்மா தன் ஒன்றரைப் பவுன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்திருந்தாள். அந்தப் பணத்தில் முதல் தவணை வகுப்புக்குப் போனது. மீதியில் நான் பறக்கும் ரயிலில் போனேன், சுண்டல் வாங்கினேன், தனுஷுக்கு விசில் அடித்தேன். எனக்கு முதல் சம்பளம் வருவதற்குள் நகை ஏலத்தில் போய்விட்டது. ரகுவரனின் அம்மாவைப் பற்றி மேலே எழுதிய வரிகளை எழுதும்போதெல்லாம் அந்தச் சங்கிலி கண்முன் வந்து நின்றது. மகளின் சும்மா இருத்தலுக்கும் அம்மாதான் விலை கொடுத்தாள். வித்தியாசம் இவ்வளவுதான், ரகுவரனின் அம்மாவுக்கு அவன் சும்மா இருந்தது தெரியும், அவனும் அதை மறைக்கவில்லை. எனக்குப் பொய் தேவைப்பட்டது. அதனால் அவளுக்குக் கோபப்படும் வாய்ப்பைக்கூட நான் கொடுக்கவில்லை.

அம்மா போன வருடம் ஒரு வாரம் என்னோடு வந்து தங்கினாள். 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா, அது அவளுக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. கட்டணமில்லாச் சீட்டுகளை ஒவ்வொன்றாக நீவி மணிபர்சில் வைத்துக்கொண்டாள். எங்கே போக வேண்டும் என்று கேட்டால், "எங்கன போனா என்ன, ஏறுவோம்" என்பாள். அப்படி ஏறி ஒருநாள் சாயங்காலம் பெசன்ட் நகரில் இறங்கினோம். கடலுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"இங்கன வச்சுத்தான் கிளாஸ் நடந்துச்சாக்கும்?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள், மாங்காய் போட்டதாக இன்னொரு பொட்டலம் வாங்கிவரச் சொன்னாள்.