வயோமிங் நீதிமன்றத்தில் பெண்டிர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்கே, மலையும் மேய்ச்சல் நிலமுமாய்ப் பரந்துகிடக்கும் வயோமிங், ஆறு லட்சத்துக்கும் குறைந்த மக்கள் வாழும் மாநிலமாகும். 'சமத்துவ மாநிலம்' என்பது அதன் சிறப்புப் பெயர். அப்பெயர் முற்றும் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அது மாநிலமாகுமுன்னரே, 1869-ஆம் ஆண்டில், பெண்டிர்க்கு வாக்குரிமையும் பதவியுரிமையும் வழங்கியது அதன் சட்டமன்றம். ஒத்த தகுதியுடைய ஆசிரியருள் ஆண் பெண் எனப் பிரித்து ஊதியத்தில் வேற்றுமை காட்டலாகாது என்றும் விதித்தது. ஆசிரியராகிய நாம் அறிந்து மகிழத்தக்க விதி இது! 1870-இல், சட்டப் பயிற்சி இல்லாத எஸ்தர் மாரிஸ் அம்மையார் ஒரு சுரங்க ஊரில் சமாதான நீதிபதியானார். அவ்வாண்டே லாரமி நகரில் பெண்டிர் ஜூரிகளாகவும் அமர்ந்தனர்.

புகழ்ந்துரைப்போர் பலரும் இவ்வளவில் நின்றுவிடுகின்றனர். பின் நிகழ்ந்ததோ வேறு. 1871-இல் சட்டமன்றம் பெண்டிர் வாக்குரிமையை நீக்க முயன்றபோது ஆளுநர் காம்பெல் இசைய மறுத்து அதனைக் காத்தார். ஜூரி இருக்கையைக் காப்பார் இலர். நீதிபதிகள் மாறவே, பெண்டிரை அழைக்கும் வழக்கம் நின்றது. 1890-இல் மாநிலமானபோது, குடியுரிமைகளை இருபாலாரும் ஒப்பத் துய்க்கலாம் என்றது அரசமைப்பு. அங்ஙனம் எழுதிவைத்தும், ஜூரியாகும் உரிமையைச் சட்டம் மீட்டளித்தது 1949-இல்தான்!

சட்டத்தின் சொல் ஒன்று, அதற்கு நீதிபதி கொண்ட பொருள் மற்றொன்று. அங்கு மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின்மேல் முறையீடு, இடையே வேறு மன்றமின்றி, ஐவர் அமரும் உச்ச நீதிமன்றத்துக்கே செல்லும். ஆதலின் அவ்வைவர் யாவர் என்பது சிறு வினாவன்று. அவருள் முதற்பெண்ணாக மெரிலின் கைட் அம்மையார் அமர்ந்தது 2000-ஆம் ஆண்டில்.