பிரக்ஞை மாற்றமும் நன்னீர்க் கிணறும்: மு. தளையசிங்கம் பற்றிய ஒரு மீள்நோக்கு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதி மாத்தளையைக் கடந்து, தம்புள்ளையை அடையுமுன், நாவுலவினூடாகச் செல்கின்றது. அதன் அருகேயுள்ள நாலந்தா கெடிகே திராவிடக் கட்டட அமைதியும் பௌத்த வழிபாடும் ஒன்றிக் கலந்ததொரு கற்றளியாகும். மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கத்தின் பொருட்டுக் கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்ட அக்கோயிலைத் தாந்திரிக மரபின் எச்சமெனக் கொள்வோரும் உளர். 1960களின் பிற்கூறிலும் 1970களிலும் ஹிப்பிகள் எனப்பட்ட மேற்குலக இளைஞர் கீழைத்தேயத்தில் தேடிவந்தவை இத்தகைய எச்சங்களையே.

அவர்களுட் பலர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பலேறித் தலைமன்னாரில் வந்திறங்கினர். அதே கடல்வழியே, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 'தாயகம் திரும்புவோர்' என்ற பெயரில் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. மாத்தளைத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோருக்கும் அந்நிலை நேர்ந்தது. வருவோர் தம் பிரஜாவுரிமையைச் சலிப்புடன் உதறிவிட்டு வந்தனர். செல்வோருக்கோ 1948ஆம் ஆண்டிலிருந்து அவ்வுரிமையே மறுக்கப்பட்டிருந்தது. எதிர்க்கலாசாரம் பற்றி நம் நாட்டில் நின்று பேசுவோர் இவ்விரு பிரயாணங்களையும் ஒருங்கே மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

மேற்குலகில் அவ்வியக்கம் வெறும் களியாட்டமாகத் தொடங்கவில்லை. ஆல்பர்ட் ஹொஃப்மன் 1943இல் எல்.எஸ்.டி.யின் விளைவைத் தம் உடலிலேயே கண்டறிந்தார். மெஸ்கலின் என்ற பிறிதொரு மருந்தை உட்கொண்டு தாம் பெற்ற அனுபவத்தை அல்டஸ் ஹக்ஸ்லி 1954இல் நூலாக்கினார். அலன் கின்ஸ்பேர்க் 1962–63இல் காசியிலும் கல்கத்தாவிலும் தங்கியிருந்தார். தீமத்தி லியரி 1963இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். நுகர்வுப் பண்பாட்டின் மீதான வெறுப்பும், பின்னர் வியட்நாம் போருக்கு எதிரான சினமும் இவ்வலைக்கு வலுவூட்டின. அந்த வெறுப்பு நேர்மையானதே. எனினும் பிரக்ஞை மாறினால் உலகு மாறும் என்ற நம்பிக்கை, பிரக்ஞையைத் தனிமனிதனின் உடைமையாகக் கொண்டது. உடைமையாகிவிட்ட எதுவும் சந்தைக்கு வருதல் இயல்பு, அதுவும் வந்தது. ஹக்ஸ்லி 1962இல் எழுதிய இறுதி நாவலிலேயே, 'மோட்ச மருந்து' உண்டு வாழும் கற்பனைத் தீவொன்று எண்ணெய் வளத்தின் பொருட்டு அயல்நாட்டுப் படையிடம் வீழ்ந்துவிடுகின்றது. அவரைப் பின்பற்றியோரிலும் பார்க்க அவர் தெளிவாயிருந்தார் போலும்.

இதே காலப்பகுதியில், இப்பெருவீதியின் ஒரு முனையிலுள்ள பேராதனையிற் பயின்று மறுமுனைக்கு அப்பாலுள்ள புங்குடுதீவிற் செயற்பட்டவர் மு. தளையசிங்கம் (1935–1973). மேற்குலகக் கலகக்காரருடன் அவரை ஒப்பிடுதல் சிலருக்கு வியப்பளிக்கலாம். போதைப்பொருளுக்கு அவர் சிந்தனையில் இடமில்லை. அவர் நாடியது அரவிந்தரும் காந்தியும் காட்டிய சாதனை நெறியையே. ஆயினும் நிலவிய இரு பேரமைப்புகளையும், முதலாளித்துவத்தையும் நிறுவனமாகிவிட்ட பொதுவுடைமையையும், ஒருங்கே நிராகரித்தமையும், மனித மனம் புதியதொரு தளத்துக்கு உயரும் யுகம் தொடங்கிவிட்டதென நம்பியமையும், கலை வடிவங்களையே உடைத்துவிட முனைந்தமையும் அவரை அக்காலத்து உலகளாவிய கலகத்துள் நிறுத்துகின்றன. 1965இல் வெளிவந்த 'புதுயுகம் பிறக்கிறது' தொகுதியிலுள்ள 'தொழுகை', காமத்தையும் வழிபாட்டையும் ஒரே அனுபவத்தில் இணைத்துக் காண முயன்றது. அவர் மறைவின் பின் நூலான 'மெய்யுள்', கதை, கட்டுரை, கவிதை என்ற பாகுபாட்டையே கடக்க விரும்பியது. அம்முயற்சியில் அவர் முழு வெற்றி கண்டார் எனக் கூறவியலாது. பல இடங்களில் கருத்துரையே ஓங்கி, அனுபவம் பின்தங்கிவிடுகின்றது. சிறுகதைகளிலேயே அவர் கலைஞராக நிற்கின்றார் என்பது என் துணிபு.

கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் வகுத்த முற்போக்கு இலக்கிய நெறியுடன் அவர் கடுமையாகப் பொருதினார். நம்மவரும் அவரை ஆன்மிகவாதி என்ற ஒரு சொல்லால் ஒதுக்கினர். சமூக மாற்றத்தைப் பிரக்ஞையின் படிமுறை வளர்ச்சியாக விளக்கும் அவரது வரலாற்று நோக்கு உற்பத்தி உறவுகளுக்கு உரிய இடத்தை அளிப்பதில்லை என்பது மெய்யே. தோட்டத் தொழிலாளர் ஏன் கப்பலேற்றப்பட்டனர் என்பதற்கு அதனிடம் போதிய விடையில்லை. இக்குறையை மறைத்து அவரைக் கொண்டாடுவது ஆய்வாகாது.

ஆனால் 1971இல் நிகழ்ந்தது யாது? நன்னீர் அரிதான புங்குடுதீவில், கண்ணகை அம்மன் கோயிலை அடுத்த கிணற்றில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நீரள்ளும் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார், பொலிஸாரால் தாக்கப்பட்டார், சிறைப்பட்டார், பின்னர் உடல்நலங் குன்றி, நாற்பதை எட்டுமுன்னரே மறைந்தார். பிரக்ஞை மாற்றம் பேசிய மேற்குலகத்தார் பலர் தம் அகத்துள் ஒடுங்க, இவரோ அதே பேச்சிலிருந்து புறப்பட்டு ஊர்க் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தார். 1966 ஒக்டோபர் எழுச்சியைத் தொடர்ந்து சாதியத்துக்கு எதிராக வடபகுதியிற் போராடிய மார்க்ஸியவாதிகளும் கோயில் வாயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் நின்றவர்களே. இரு சாராரும் எதிர்கொண்டது ஒரே சாதியமைப்பை. அவர்களின் கொள்கைகள் மட்டும் ஒன்றையொன்று மறுத்துக்கொண்டிருந்தன.

இங்குதான் நம் திறனாய்வு தவறியது எனக் கருதுகின்றேன். கருத்துமுதல்வாதி ஒருவர் எங்ஙனம் இச்செயலுக்கு வந்தார் என்ற வினாவை நாம் எழுப்பவில்லை. அவர் நூல்களை மறுத்ததுடன் அமைந்தோம். அவரை வழிபடுவோரோ கிணற்றுப் போராட்டத்தை ஞானியொருவரின் கருணைச் செயலாக்கிவிட்டனர். அவர்தம் சொற்களிலேயே, இலக்கியமும் அரசியலும் ஆன்மிகமும் வெவ்வேறு தொழில்களல்ல. 1970இல் வெளிவந்த 'போர்ப்பறை'யை இப்போராட்டத்துக்கு ஓராண்டு முந்திய அறிவிப்பாக வைத்துப் பயிலின், அதிற் கனவெனத் தோன்றும் பகுதிகள் பல செயற்றிட்டமாகத் தெரியத் தொடங்குகின்றன. வேறு சில பகுதிகள் அப்போதும் கனவாகவே எஞ்சுகின்றன.