கிட்டத்தில் எடுக்கத் தெரிந்த டெலி லென்ஸ்

வீட்டைச் சுற்றி வரும் பறவை, பூச்சி, அணிலையும் வீட்டுக்குள் வளரும் நாய், பூனையையும் படமெடுக்க லென்ஸ் தேடுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்பதுதான். 400, 600, 800 என்று எண் ஏற ஏற லென்ஸின் மீது மரியாதையும் ஏறிவிடுகிறது. ஏரிக்கரையில் நின்றுகொண்டு நடுத்திட்டில் இருக்கும் கூழைக்கடாவை எடுக்க நினைப்பவருக்கு அந்தக் கேள்வி சரி. வீட்டில் நிலைமை வேறு. பால்கனிக்கு எதிரே முருங்கைக் கிளை, சமையலறை ஜன்னலுக்கு வெளியே செம்பருத்தி, மொட்டைமாடியில் காக்கைக்குத் தண்ணீர் வைத்த மண்சட்டி, எல்லாமே ஒன்றிலிருந்து ஆறு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே இங்கே கேட்க வேண்டியது, "எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்?" என்பது. அப்படிக் கேட்டுப் பார்த்தால், கேனன் 2021 செப்டம்பரில் வெளியிட்ட ஆர்.எஃப். 100-400 மி.மீ. எஃப் 5.6-8 லென்ஸ், அந்நிறுவனத்தின் ஆர் வரிசைக் கேமரா வைத்திருப்பவருக்கு முதல் தேர்வாக வந்து நிற்கிறது. அதன் குறைகளாகப் பலரும் சொல்கிறவற்றில் பாதி, வீட்டு வேலைக்குக் குறையே அல்ல. மீதிப் பாதி உண்மையான குறை. அதையும் மறைக்கத் தேவையில்லை. 2022-இல் வந்த ஈ.ஓ.எஸ். ஆர்10 கேமராவில் இதைப் பொருத்தினால் என்ன கிடைக்கும் என்பதை வைத்தே இங்கு பேசுகிறேன். இரண்டும் சேர்ந்து 1,064 கிராம்தான். கழுத்தில் மாட்டிக்கொண்டு தோட்டத்தில் அரைமணி நேரம் சுற்றினாலும் தோள் வலிக்காது.

முதலில் கிட்டத்துக் கணக்கு. இதே கேனன் 2020-இல் கொண்டுவந்த 600 மி.மீ. எஃப் 11, 800 மி.மீ. எஃப் 11 ஆகிய இரண்டும் விலை குறைந்த நீள லென்ஸ்கள். 600 மி.மீ. லென்ஸுக்குப் பொருள் குறைந்தது 4.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். 800-க்கு 6 மீட்டர். பத்தடி பால்கனியில் நிற்பவர் தொட்டிச் செடியில் வந்து உட்காரும் தேன்சிட்டை எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து ஹாலுக்குள்ளேயே போய்விட வேண்டியிருக்கும். 100-400 லென்ஸ் 200 மி.மீ. வாக்கில் 0.88 மீட்டர் வரை கிட்டே வரும். 400-இல் ஒரு மீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்த நிலையில் பொருளின் நிஜ அளவில் 0.41 பங்கு சென்சாரில் விழுகிறது. ஆர்10-இன் சென்சார் 22.3 மி.மீ. அகலம் என்பதால், ஃபிரேம் முழுவதையும் சுமார் 54 மி.மீ. அகலமும் 36 மி.மீ. உயரமும் கொண்ட ஒரு சிறு பரப்பே நிறைத்துவிடும். இதைவிட நான்கு மடங்கு விலையில் விற்ற, சிவப்பு வளையம் போட்ட 100-500 லென்ஸ் தருவது 0.33 பங்குதான். அமெரிக்காவில் வெளியானபோது இது ஏறக்குறைய 650 டாலர், அது ஏறக்குறைய 2,700 டாலர். விலை குறைந்தது கிட்டத்தில் கூடுதலாகப் பெரிதாக்குகிறது என்பது விற்பனைப் பட்டியலில் கண்ணில் படாத செய்தி. தோட்டக்காரருக்கு அதுதான் தலையாய செய்தி.

கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் புழுவை எடுத்துக்கொள்வோம். எலுமிச்சை, கறிவேப்பிலை இலைகளைத் தின்னும் வண்ணத்துப்பூச்சிப் புழு சிறியதாக இருக்கும்போது பறவை எச்சம் போலவே தோற்றம் காட்டும். வளர்ந்தபின் இலைப்பச்சையாகி நாலு சென்டிமீட்டர் வரை நீளும். தொட்டாலோ செடியை அசைத்தாலோ தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு ஒன்றை நீட்டி நெடியடிக்கும். மேக்ரோ லென்ஸைக் கொண்டு ஒரு சாண் தூரத்துக்குப் போகும்போது முழங்கை ஒரு கிளையில் பட்டாலே போதும், புழு உஷாராகிவிடும். இந்த லென்ஸில் முன்கண்ணாடிக்கும் புழுவுக்கும் இடையில் இரண்டடிக்கு மேல் இடைவெளி இருக்கும்போதே புழு ஃபிரேமின் குறுக்கே முக்கால் பங்கை நிறைத்துவிடுகிறது. வண்ணத்துப்பூச்சிக்கும் இதே கதைதான்: நம் நிழல் அதன்மேல் விழாத தூரத்திலிருந்து, இறகின் செதில் வரிசை தெரியும்படி எடுக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுவரில் தாவும் சிலந்தி எட்டு மில்லிமீட்டர் இருந்தால் ஃபிரேமில் ஏழில் ஒரு பங்குதான் வரும். அதன் முன்கண்களில் ஜன்னல் பிரதிபலிப்பதை எடுக்க ஆசைப்படுபவர் மேக்ரோ லென்ஸ்தான் வாங்க வேண்டும். எறும்புக்கும் அப்படியே.

இனி, இந்த லென்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழும் மறுப்பு: 400-இல் எஃப் 8 என்றால் இருட்டு லென்ஸ் அல்லவா, பின்னணி மங்காதே? பழைய கண்ணாடிப் பெட்டிக் கேமராக்களில், அதாவது டி.எஸ்.எல்.ஆர்.களில், ஆட்டோஃபோகஸுக்கென்று கண்ணாடிக்குக் கீழே தனி சென்சார் இருந்தது. சாதாரண மாடல்களில் அது எஃப் 5.6-க்கு மேல் நம்பகமாக வேலை செய்யாது. ஆகவே லென்ஸ் செய்பவர்களும் அந்த எல்லையைத் தாண்டத் தயங்கினார்கள். 400-இல் எஃப் 5.6 என்றாலே லென்ஸ் தடித்து எடை ஏறிவிடும். மிரர்லெஸ் கேமராவில் படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் செய்வதால் எஃப் 8 ஒரு தடையில்லை. இந்த லென்ஸ் 635 கிராமில் முடிந்ததற்குக் காரணம் இதுதான். பின்னணி மங்கலுக்கு வருவோம். பொருளை ஃபிரேமில் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால், வெகுதூரத்துப் பின்னணி எவ்வளவு மங்கும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் வாயின் நிஜ விட்டம். 400-ஐ எட்டால் வகுத்தால் 50 மி.மீ. பலரும் பின்னணி மங்கலுக்கென்றே வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் அந்த விட்டம் 28 மி.மீ. மட்டுமே. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்த மைனாவுக்குப் பின்னால் பக்கத்துத் தெருத் தென்னந்தோப்பு பச்சைப் பூச்சாகக் கரைந்துவிடும். இன்னும் ஒன்று: மிகக் கிட்டத்தில் எஃப் 8-இலேயே தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர். மேலே சொன்ன புழுவின் உடம்பு அதைவிடத் தடிமன். எஃப் 4 கிடைத்தாலும் அங்கே எஃப் 8-க்கோ அதற்கு மேலோதான் போவோம். கேமராவைப் புழுவின் நீளத்துக்கு இணையாகப் பிடிப்பதுதான் அங்கே பயன்படும் வித்தை.

வெளிச்சத்தைப் பற்றிய கவலை மட்டும் நியாயமானது. ஆனால் அது எங்கே நியாயம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பளீரென்ற வெயிலில் எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் ஷட்டர் 1/1600 நொடி கிடைக்கும். அணில் தாவுவதை நிறுத்திக்காட்ட அது போதும். மரநிழலில் ஐ.எஸ்.ஓ. 1600-க்கு ஏற்றினால் 1/400 வரும். உட்கார்ந்திருக்கும் குருவிக்கு அதுவே தாராளம், பறக்கும் குருவிக்குப் போதாது. விளக்கு வெளிச்ச ஹாலில்தான் இந்த லென்ஸ் தோற்றுப்போகிறது. அங்கே ஐ.எஸ்.ஓ. 6400 வைத்தாலும் 1/60 நொடிதான். லென்ஸிலுள்ள நடுக்கத்தடுப்பு ஐந்தரை ஸ்டாப் வரை நம் கை நடுக்கத்தைச் சரிக்கட்டும். ஆனால் நாய்க்குட்டி வாலாட்டுவதை அதனால் நிறுத்த முடியாது. காற்றில் ஆடும் இலையையும் முடியாது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல், "ஸ்டெபிலைசர் இருந்தும் படம் கலங்குகிறது" என்று லென்ஸைக் குறை சொல்வது அநியாயம். போதாக்குறைக்கு, 100 மி.மீ.-இல் ஒரு மீட்டர் அகலத்தை ஃபிரேமுக்குள் கொண்டுவர நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். நம் வீட்டு ஹால்களில் அதற்குள் சுவர் முதுகில் தட்டிவிடும். வீட்டுக்குள் நாய், பூனையை எடுக்க 160 கிராம் எடையுள்ள ஆர்.எஃப். 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ்தான் சரி. எஃப் 8-ஐவிட ஏறத்தாழ இருபது மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும். வளர்ப்புப் பிராணி வாசல்படியைத் தாண்டி வெயிலுக்கு வந்தபின் 100-400-க்கு மாறலாம். முற்றத்தில் நம்மை நோக்கி ஓடிவரும் நாயின் முகம் 200 மி.மீ.-க்கு மேல் வைத்து எடுக்கும்போது, மூக்கு பெருத்துத் தெரியாமல், உள்ளபடி அழகாக வரும்.

ஆட்டோஃபோகஸில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கிறது. ஆர்10-இல் விலங்கு என்று தேர்ந்தெடுத்தால் நாய், பூனை, பறவை இவற்றை அடையாளம் கண்டு கண்ணில் போய்ப் பிடித்துக்கொள்ளும். லென்ஸின் நானோ யு.எஸ்.எம். மோட்டார் சத்தமில்லாமல் வேகமாக நகர்வதால், பூனை காதைத் திருப்பிப் பார்ப்பதில்லை. கறுப்பு நாயின் முகத்தில் கண் தனித்துத் தெரியாத வெளிச்சத்தில் கேமரா தடுமாறும். அப்போது முகத்தில் பக்கவெளிச்சம் விழும்படி நாயைத் திருப்பி உட்காரவைத்தால் கண்ணில் ஒரு பொட்டு ஒளி விழுந்து ஃபோகஸ் நிலைக்கும். கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பதால், ஃபிரேமை நிறைத்து நிற்கும் கறுப்பு நாய்க்கு எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைக்கவும், வெள்ளை ராஜபாளையத்துக்குக் கொஞ்சம் கூட்டவும் பழகிக்கொள்ள வேண்டும். கெட்டது என்னவென்றால், இந்த லென்ஸில் ஃபோகஸ் எல்லையைக் குறுக்கும் சுவிட்ச் இல்லை. முருங்கை இலைகளுக்கு நடுவே தேன்சிட்டைத் தேடும்போது ஃபோகஸ் பின்னாலிருக்கும் மதில்மேல் போய் உட்கார்ந்துகொண்டு, மீண்டும் கிட்டத்துக்கு வர முழுத்தூரமும் அலையும். அதற்குள் சிட்டு பறந்துவிடும். மிகச்சிறிய ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்து, சிட்டு இருக்கும் தூரத்திலேயே உள்ள தடித்த கிளையில் முதலில் பிடித்துவிட்டுப் பிறகு சிட்டுக்கு நகர்த்துவது ஓரளவு கைகொடுக்கும். பூச்சிகளுக்கு விலங்கு அடையாளத்தை நம்பாமல் இதே புள்ளி முறையையே வைத்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக் ஷட்டரில் நொடிக்கு 23 படம் எடுக்கலாம் என்ற எண்ணுக்கும் மயங்க வேண்டாம். சென்சாரை வரிவரியாகப் படித்து முடிப்பதற்குள் சிறகு நகர்ந்து வளைந்த சிறகாகப் பதிவாகும். மெக்கானிக்கல் ஷட்டரின் நொடிக்கு 15 படமே வீட்டுக்கு அதிகம்.

"கையில் நல்ல செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். மடியில் படுத்திருக்கும் பூனைக்குச் செல்போன் போதும். அதற்குத் தனிக் கேமரா வாங்கச் சொல்வது வீண்செலவு செய்யச் சொல்வதாகும். நம்மிடம் வராத உயிர்களுக்குத்தான் செல்போன் போதாது. போர்டிகோ விளக்குக் கம்பியிலோ துணிக்கொடியிலோ தேன்சிட்டு கட்டும் தொங்குகூட்டுக்குப் பக்கத்தில் கையை நீட்டிச் செல்போனைக் கொண்டுபோனால் தாய்ப்பறவை இரை ஊட்ட வரத் தயங்கும். மனிதர்கள் அடிக்கடி சுற்றுவது காக்கைக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். கூடு தெளிவாகத் தெரியவேண்டும் என்று மறைப்பு இலைகளை ஒடிப்பவர்களையும் பார்க்கிறோம். அந்த இலைகள்தான் குஞ்சுகளுக்கு வெயிலுக்கும் எதிரிக்கும் காப்பு. நாலு மீட்டர் தள்ளி ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாலும், இந்த லென்ஸ் 400-இல் ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் அகலத்தை ஃபிரேமில் நிறைப்பதால், பத்து சென்டிமீட்டர்கூட இல்லாத சிட்டு கிட்டத்தட்டப் பாதி அகலத்துக்கு வரும். அலகின் வளைவு, தொண்டை நிறம், இடுப்பு நிறம் என்று இனத்தைப் பிரித்தறிய வேண்டியவை எல்லாம் அதில் பதிவாகிவிடும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பங்கெடுப்பவர்களுக்கு, வீட்டு மாடியிலிருந்தே சந்தேகம் தீர்க்கும் சான்றுப் படம் கிடைப்பது சிறிய உதவியல்ல.

கட்டுமானத்தில் கேனன் மிச்சம் பிடித்திருப்பது தெரிகிறது. மழை, தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள் இல்லை. ஐப்பசி அடைமழையில் இதை வெளியே எடுக்கக் கூடாது. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்க, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைப்பது கட்டாயம். லென்ஸ் ஹூட்கூடப் பெட்டியில் வராது, தனியாக வாங்க வேண்டும். சாய்ந்த மாலை வெயிலில் எதிரொளியைத் தடுப்பதோடு, முள்வேலிச் செடிகளுக்கிடையே முன்கண்ணாடியைக் காப்பதும் அதுதான் என்பதால் அதைத் தவிர்க்காதீர்கள். 1.4 மடங்கு எக்ஸ்டெண்டரைச் சேர்த்து நீட்டலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை: எஃப் 8 எஃப் 11 ஆகிவிடும், நுணுக்கமும் கரையத் தொடங்கும், வீட்டுத் தூரத்துக்கு அந்த நீளமும் தேவைப்படாது. அந்தப் பணத்தில் 50 மி.மீ. லென்ஸையும் ஹூடையும் வாங்கி, மிச்சத்தில் ஒரு உபரி பேட்டரியும் வாங்கிவிடலாம். பழைய லென்ஸாக வாங்குபவர்கள், செல்போன் டார்ச்சைப் பின்கண்ணாடி வழியாக அடித்து முன்பக்கம் பார்த்தால் உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சை இழை இருந்தால் தெரிந்துவிடும். இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.