சுசீலாவுக்கு ஏற்றி, குத்துப்பாட்டுக்கு இறக்கி

போன வாரம் தாம்பரத்தில் பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது, பாதி அதிர்ஷ்டம். மீதியை ஒரு பாட்டு வெப்சைட்டில் தேடினேன். பெயர் வேண்டாம். 'எல்லாப் பாட்டும் ஒரே அளவு சத்தத்தில்' என்று முகப்பிலேயே போட்டிருந்தார்கள்.

குரோம்பேட்டை வரை பி.சுசீலா. ரயில் இரைச்சலில் குரல் அமுங்கிப் போக, ஐபோனில் வால்யூமை முக்காலுக்கு ஏற்றினேன். பல்லாவரம் வரும்போது அடுத்த பாட்டு. புது குத்துப்பாட்டு. இயர்போனைப் பிடுங்கிய வேகத்தைப் பார்த்து எதிர் சீட் பெரியவர், "என்ன தம்பி, ஷாக் அடிச்சிருச்சா?" என்றார். ஏறக்குறைய அதேதான்.

வீட்டுக்கு வந்து என் பெண்ணின் ஆண்ட்ராய்டு போனில், குரோமில், அதே இரண்டு பாட்டையும் போட்டேன். புதுப்பாட்டு பதவிசாக வந்தது. அவள் கம்ப்யூட்டர் படிக்கிறவள். "அந்த சைட்டே புதுப்பாட்டு வரும்போது வால்யூமைக் குறைக்குதுப்பா. ஐபோன் சஃபாரி அந்தப் பேச்சைக் கேட்காது" என்றாள்.

நிஜம்தான். ஐபோனில் வால்யூம் என்பது பட்டனை அழுத்தும் விரலின் உரிமை. வெப்சைட் 'பாதியாகக் குறை' என்றால் சஃபாரி சண்டை போடாது, தப்பு என்றும் சொல்லாது. பாட்டுக்கு முழுசாகப் பாடும்.

மாற்று வழி உண்டு. வெப் ஆடியோ என்று பெயர். ஒலியை பிரவுசருக்குள்ளேயே ஒரு குழாயில் விட்டுக் குறைப்பது. அதிலும் சிக்கல். நாம் பக்கத்தைத் தொடும் வரை அது தூங்கும். குரோமிலேயே 2018 முதல் இந்த விதி. பாட்டு வேறு சர்வரில் இருந்து, அந்த சர்வர் அனுமதி தராவிட்டால் சுத்த மௌனம்.

நான் பி.காம். எனக்கு இது கணக்கு வழக்காகத்தான் தெரிகிறது. ஹெட் ஆபீஸில் ஒரு தடவை டேலி செய்ய வேண்டியதை, கிளை கிளையாகச் செய்யச் சொல்கிறார்கள். கிளைக்குக் கிளை மேனேஜர் வேறு, சுபாவம் வேறு.

பாட்டை சர்வரில் ஏற்றுவதற்கு முன்பே அளந்து சமன் செய்துவிட்டால், எந்த பிரவுசராக இருந்தால் என்ன? அளவுகோலும் இருக்கிறது. காது உணரும் சத்தத்தை அளக்க, 2006-ல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு முறை வகுத்தது. அதை வைத்து 2010-ல் ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் தங்களுக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். டி.வி. விளம்பரம் நிகழ்ச்சியைவிட அதிகமாகக் கத்தக் கூடாது என்று அதே வருடம் அமெரிக்காவில் சட்டமே வந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். உச்சத்தை மட்டும் அளந்தால் ஏமாந்து போவோம். இரண்டு பாட்டுக்கும் உச்சம் ஒன்றாகவே இருக்கும். பழைய பாட்டு அந்த உச்சத்தை எப்போதாவது தொடும். புதுசு அங்கேயே குடியிருக்கும். சராசரியைத்தான் பார்க்க வேண்டும். சமன் செய்கிறேன் என்று பழசை நசுக்கி உயர்த்தவும் கூடாது, புதுசைக் குறைத்தால் போதும். சுசீலா மெல்ல ஆரம்பித்து ஏறுகிற ஏற்றம்தானே பாட்டு?

இது ரசனைச் சமாசாரம் மட்டும் இல்லை. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் கேட்கலாம் என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சத்தம் கூடக் கூட அந்த நேரம் சரசரவென்று குறையும். தினம் தாம்பரத்திலிருந்து பார்க் வரை இயர்போனோடு போகும் பிள்ளைகளின் காதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

வெப்சைட்காரர்களே, சோதித்துப் பார்க்க லேப் எதுவும் வேண்டாம். ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்டு, ஒரு லோக்கல் டிக்கெட். பல்லாவரம் வருவதற்குள் தெரிந்துவிடும்.