பின்கட்டைப் பார்க்க ஒரு டிக்கெட்

உல்லாசக் கப்பலில் ஏறியவர்களுக்கு உள்ளேயே இன்னொரு டிக்கெட்டும் விற்கிறார்கள், கப்பலின் பின்கட்டைச் சுற்றிக் காட்ட. ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ் என்று பெரிய நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் இதை நடத்தி வந்திருக்கின்றன. விலை பயணத்துக்குப் பயணம் மாறும்; ஆளுக்கு நூறு அமெரிக்க டாலரைத் தாண்டுவது சகஜம். சமையற்கூடம், சலவைக்கூடம், குளிர்பதனக் கிடங்கு, குப்பை பிரிக்கும் இடம், இஞ்சின் கட்டுப்பாட்டு அறை, கப்பலைச் செலுத்தும் பிரிட்ஜ். சில மணி நேரத்தில் எல்லாம் பார்த்தாச்சு.

கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்டால் வழக்கமாகக் கணக்குதான் பதிலாக வரும். அதே காசுக்கு ஸ்பா போகலாம், கரையில் ஒரு நாள் சுற்றலாம் என்பார்கள். எனக்கு இந்த உலாவை ஒரு பிரதியாக வாசிக்கத் தோன்றுகிறது. அது எதைச் சொல்கிறது, எதை விட்டுவிடுகிறது?

முதலில் அதன் பலம். 2022இல் சிங்கப்பூரிலிருந்து பயணங்களைத் தொடங்கிய ஸ்பெக்ட்ரம் ஆஃப் த சீஸ் கப்பலில், அறைக்கு இருவர் என்று வைத்தாலே 4,200க்கும் மேற்பட்ட பயணிகள். ஊழியர்கள் சுமார் 1,500 பேர். இந்த எண்களைக் கையேட்டில் படித்தால் சும்மா எண்களாகவே இருக்கும். பெரிய பெரிய அண்டாக்களுக்கு நடுவே நிற்கும்போதுதான் அவை உறைக்கும். அமெரிக்க நெடுஞ்சாலையின் பெயரில் பல கப்பல்களில் ஐ-95 என்று அழைக்கப்படும் ஊழியர் நடைபாதையில், சாமான் வண்டிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போதும் அப்படித்தான்.

உலாவின் ஆகச் சிறந்த அத்தியாயம் குப்பை அறை. மார்போல் உடன்படிக்கைப்படி பிளாஸ்டிக்கைக் கடலில் எங்குமே போடக்கூடாது. உணவுக் கழிவை 25 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் நுழையும் அளவுக்கு அரைத்தால், கரையிலிருந்து 3 கடல் மைல் தாண்டி விடலாம், அரைக்காவிட்டால் 12. சிறப்புப் பகுதிகளில் விதி இன்னும் கடுமை. பஃபேயில் தொடாமல் விட்ட கேக் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டவர், அடுத்த வேளை தட்டை நிரப்பும்போது கொஞ்சமாவது யோசிப்பார்.

இனி, விட்டுப்போனவை. தொழிற்சாலையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று தெரியும். விருந்தினர் வரும் நாளில் தரையின் மஞ்சள் கோடு பளிச்சென்று இருக்கும். அதைத் தாண்டாமல் நடத்திக் கூட்டிப்போவோம். கப்பலிலும் அப்படி ஒரு கோடு உண்டு. இஞ்சின் கட்டுப்பாட்டு அறையின் திரைகளைக் காட்டுவார்கள். சூடும் சத்தமுமான இஞ்சின் அறைக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள். அதற்குப் பாதுகாப்புக் காரணம் இருக்கிறது, நியாயம்தான். ஊழியர்கள் தூங்கும் அறைகளும் பொதுவாகப் பாதையில் வராது. சில உலாக்களில் செல்பேசிக்கும் அனுமதி இல்லை. அதற்குப் பதிலாகக் கேப்டனோடு நிற்கும் படம் ஒன்றை அவர்களே எடுத்துத் தருவார்கள். கதை சலவைக்கூடத்தில் நடந்தாலும் அட்டைப்படம் கேப்டனுக்கு.

விட்டுப்போனதில் பெரியது நேரம். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடப்புக்கு வந்தது. அது வேலைக்கு வைக்கும் உச்ச வரம்பு, 24 மணி நேரத்தில் 14, ஏழு நாளில் 72. ஓய்வை அளவாக எடுத்துக்கொள்ளும் நாடுகளின் கொடி பறந்தால், வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வு கொடுத்தால் போதும். மிச்சம் 91 மணி நேரம். கரையில் இருக்கும் நமக்குச் சட்டம் வகுத்திருக்கும் வேலை வாரம் மலேசியாவில் 45 மணி நேரம், சிங்கப்பூரில் 44. நம் முன்னால் புன்னகையோடு துண்டு மடித்துக் காட்டுகிறாரே, அது அவருக்கு அன்றைக்கு எத்தனையாவது மணி நேரம்?

டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 1995இல் ஒரு வாரம் கரீபியன் கடலில் இப்படிப்பட்ட கப்பலில் பயணம் செய்தார். அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1996இல் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே போனால் அவருடைய அறை சுத்தமாகிவிடுகிறது. அதற்குள் திரும்பினால் யாரும் தொட்டிருப்பதில்லை. அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று சோதனை மேல் சோதனை செய்கிறார், பிடிபடவில்லை. கண்ணில் படாமல் இருப்பதும் அவள் வேலையில் ஒரு பாதி என்பதை அவர் பயணியாக இருந்தே கண்டுபிடிக்கிறார். டிக்கெட் வாங்கிப் போகும் உலாவில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே உழைப்பு பார்க்கப்படுவதற்காகவே நிற்கிறது.

அதற்காக எல்லாமே நாடகம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்கு மூன்று வேளையும் சமைப்பதை விளக்கும் சமையல்காரரின் பெருமிதம் நிஜமானது. அதை நின்று கேட்க நாலு பேர் வருவதில் கெடுதல் ஒன்றுமில்லை.

ஆக, போகலாமா? ஒரு மிதக்கும் ஊர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையென்றால் தாராளமாகப் போகலாம். ஊழியர்களின் வாழ்க்கையையே பார்த்துவிட்டோம் என்ற திருப்தி வேண்டுமென்றால் காசு வீண். போகிறவர்கள் சுவர்களையும் பாருங்கள். வேலை நேர அட்டவணையை ஊழியர்கள் எளிதில் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்று அதே உடன்படிக்கை சொல்கிறது, ஆங்கிலத்திலும். கண்ணில் பட்டால் நின்று படியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை துண்டு துவைக்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். எத்தனை மணி நேர வேலை என்று நீங்கள் கேளுங்கள். ஆனால் அதைக் கூட்டிப்போகும் அதிகாரியிடம் கேளுங்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போது துவைப்பவர் என்ன பதில்தான் சொல்ல முடியும்?