ஔவையின் முகம்: இன்குலாப்பின் நாடகமும் புறநானூற்றுச் சான்றும்

முன்னுரை

தமிழர் நினைவில் ஔவையார் என்றும் முதியவர். மணவாழ்வைத் தவிர்க்க வேண்டி இளமையிலேயே முதுமையை வரமாகப் பெற்றார் என்னும் கதை அவ்வுருவத்திற்குக் காரணம் கற்பிக்கிறது. 1940களில் டி. கே. சண்முகம் மேடையில் ஏற்ற வேடமும், 1953இல் வெளிவந்த திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் ஏற்ற வேடமும் அவ்வுருவத்தையே நிலைபெறச் செய்தன. சங்கப் புலவரும், 'ஆத்திசூடி' பாடிய பிற்கால ஔவையாரும் அதில் ஒருவராயினர். 1998இல் அ. மங்கையின் நெறியாள்கையில் 'வாய்சிங் சைலன்ஸ்' குழு மேடையேற்றிய இன்குலாப்பின் 'ஔவை' இவ்வுருவத்தை மறுத்தெழுந்த நாடகமாகும். அந்நாடகம் முன்வைக்கும் ஔவைக்குப் பாடல்கள் எந்த அளவு சான்று பகர்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாடகம் காட்டும் ஔவை

இன்குலாப்பின் ஔவை இளையவர், பாணர், விறலியரோடு வழிநடப்பவர், கள்ளுண்டு மகிழ்பவர், அதியமானோடு நிகராக நின்று உரையாடுபவர். அறம் உரைக்கும் மூதாட்டி இங்கு இல்லை. இச்சித்திரம் வெறும் கற்பனையன்று. அதியமான் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாடல் (புறம். 235), கள் சிறிதளவு கிடைத்தபோது அதனைத் தமக்கே தந்தவன் என்றும், மிகுதியாகக் கிடைத்தபோது தாம் பாடத் தானும் உண்டு மகிழ்ந்தவன் என்றும் அவனை நினைகூர்கிறது. பகைவேந்தனுக்கு விடைகூறும் பாடலில் (புறம். 89) பாடுபவர், மையுண்ட கண்ணும் ஒளிரும் நெற்றியும் உடைய விறலியாக விளிக்கப்படுகிறார். முதுமைக் கதைக்கு இப்பாடல்களில் இடமில்லை என்பது தெளிவு.

கூற்றும் வாழ்வும்

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. ஔவையார் பெயரில் சங்க நூல்களில் அமைந்த 59 பாடல்களுள் 33 புறநானூற்றிலும், 15 குறுந்தொகையிலும், 7 நற்றிணையிலும், 4 அகநானூற்றிலும் உள்ளன. துயரறியாது உறங்கும் ஊரை நோக்கிக் கொதித்துரைக்கும் குறுந்தொகைத் தலைவியை (குறுந். 28) எவரும் ஔவையாராகக் கொள்வதில்லை, அது தலைவி கூற்று. ஆனால் புறப்பாடலின் கூற்றைப் புலவரின் வாழ்வாகவே கொள்கிறோம். ஔவையார் பாடிய விறலியாற்றுப்படையில் (புறம். 103), முழவும் பதலையும் சுமந்து சுரத்தின் தொடக்கத்தில் அமர்ந்திருக்கும் விறலி முன்னிலையில் இருக்கிறாள், அவளை அஞ்சியிடம் ஆற்றுப்படுத்தும் குரல் வேறு. ஆகவே 89ஆம் பாடலில் விளிக்கப்படும் விறலி புலவரே ஆகலாம். புலவர் ஏற்றுக்கொண்ட கூற்றாகவும் இருக்கலாம். முதியவர் என்னும் கதையை நீக்கி, இளைய விறலி என்பதனை வரலாற்று உண்மையாக நிறுவ முயலின், ஒரு தொன்மத்தின் இடத்தில் மற்றொன்றை வைத்ததாகவே முடியும்.

நாடகத்தின் வலிமை

இவ்வரம்பு நாடகத்தின் மதிப்பைக் குறைப்பதன்று. அதன் வலிமை ஔவையின் வயதில் இல்லை. ஔவையைச் சூழ்ந்த கூட்டத்தில் உள்ளது. பரிசில் நீட்டித்தபோது வாயிற்காவலனை நோக்கிப் பாடிய பாடல் (புறம். 206), கலைத்தொழில் வல்லாரைக் கோடரியோடு காடு புகும் தச்சச் சிறாரோடு ஒப்பிட்டு, எத்திசை செல்லினும் உணவு கிடைக்கும் என்கிறது. இது கொடையை இரந்து நிற்பவரின் குரலன்று. தம் தொழிலை நம்பியவரின் குரல். தச்சரின் உழைப்பும் கலைஞரின் உழைப்பும் ஒருநிகராக வைக்கப்படுவது கருதத்தக்கது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆய்வு சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் வைத்து நோக்கியது. அம்மரபின் மாந்தர்க்கு உடலும் குரலும் தருவது மேடைக்கு இயல்பாகக் கைவரும் பணி. அச்சுப் பக்கத்தில் தனித்த புலவராகத் தோன்றும் ஔவையார், இந்நாடகத்தில் பசியும் பாட்டும் உடைய ஒரு குழுவின் நடுவே நிற்கிறார். நாடகக் குழு ஒன்று பாணர் குழுவை நடித்துக்காட்டுகையில், கலையை நம்பி வாழ்வோரின் நிலை என்னும் வினா இக்காலத்திற்கும் உரியதாகிறது.

முடிவுரை

'ஔவை' ஒரு புலவரின் மெய்யான வாழ்க்கை வரலாறு என்று கொள்ளின், சான்றுகள் அதற்குப் போதா. புறநானூற்றை வாசிக்கும் முறை ஒன்றினை மேடையில் நிகழ்த்திக் காட்டிய திறனாய்வு என்று கொள்ளின், அதன் பயன் பெரிது. மூதாட்டி உருவம் மறைத்துவந்த பாடல்களை நோக்கி வாசகரைத் திருப்பியது அந்நாடகம். அவ்வழியே செல்லும் ஆய்வாளர், பாடலின் கூற்றையும் பாடியவரின் வாழ்வையும் வேறு பிரித்தறியும் கடமையை நாடகத்திடம் ஒப்படைத்துவிடலாகாது.