சீராகத் துடிக்காத இதயம்

நிமிடத்துக்கு அறுபது முறை துடிக்கும் இதயம் நொடிக்கு ஒருமுறை என்று கடிகாரம்போலத் துடிப்பதில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 950 மில்லி நொடி இருக்கலாம், அதற்கடுத்த இடைவெளி 1,040 ஆகலாம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது தணிகிறது. இதைத்தான் இதயத் துடிப்பு மாறுபாடு என்கிறார்கள். உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்புகளும் ஆற்றுப்படுத்தும் துணைப்பரிவு நரம்புகளும் தேவைக்கேற்ப இயங்குகின்றன என்பதற்கு இது ஓர் அடையாளம். நோயால் இதயத் தாளம் குலைவது வேறு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்த அளவுக்குப் பொருள் உண்டு. மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 1987இல் வெளியானது. 24 மணி நேரப் பதிவில் மாறுபாடு 50 மில்லி நொடிக்குக் கீழே இருந்தவர்களின் இறப்பு அபாயம், 100க்கு மேல் இருந்தவர்களைவிட ஐந்து மடங்குக்கும் அதிகம் என்று அது காட்டியது. 1996இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் சேர்ந்து இதை அளப்பதற்கான விதிகளை வகுத்தன.

என் விமர்சனம் இந்த அறிவியல்மீது அல்ல. கைக்கடிகாரமாகவும் செயலியாகவும் அது நம்மிடம் வந்துசேரும் விதத்தின்மீது. “உங்கள் எண் குறைந்துள்ளது, சீக்கிரம் தூங்குங்கள், ஆழ்ந்து மூச்சுவிடுங்கள்” என்கிறது கடிகாரம். யாரைப் பார்த்து இதைச் சொல்கிறது? நான் வாழும் வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள் இருக்கின்றன. இரவு ஷிப்ட் முடிந்து வரும் பெண், சோறு வடித்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, வெயில் ஏறிய பிறகுதான் படுக்க முடியும். அவளிடம் சீக்கிரம் தூங்கு என்பது அறிவுரையா, கேலியா?

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்திருந்தது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையைப் பாகுபாடு என்று நீக்கி, பாதுகாப்புக்கான நிபந்தனைகளையும் விதித்தது. இரவில் வேலைசெய்யும் உரிமை வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இரவு கிடைத்த அவளுக்குப் பகல் கிடைக்கவில்லை. வீட்டு வேலை அப்படியே அவள் தலையில் இருக்கிறது. இரவுத் தூக்கத்தில்தான் துணைப்பரிவு நரம்புகள் நன்றாக வேலைசெய்கின்றன. அந்தத் தூக்கம் பறிபோவதைத் தனிமனிதப் பழக்கக் கோளாறாகக் காட்டுகிறது செயலி.

இன்னொரு குறை, யாருடைய உடல் அளவுகோல் என்பது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1977 முதல் 1993 வரை, கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கச் சொன்னது. பெண்ணின் உடல் கணக்கைக் குழப்பும் என்ற எண்ணம் மருத்துவத்துக்குப் புதிதல்ல. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு இந்த மாறுபாடு இயல்பாகவே குறைகிறது. சுழற்சியைக் கணக்கில் எடுக்காத கருவி, அவளுடைய இயல்பையே குறையாகக் காட்டும்.

ஆலைக்கோ சுழற்சியே தொல்லை. தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்படுவதை 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் வெளிக்கொண்டுவந்தது. உடல் சொல்லும் சேதியை அடக்கிவிட்டு இயந்திரத்தை ஓட விடும் வேலை அது.

2021 ஜனவரியில், வேடசந்தூர் பகுதி ஆடை ஆலையில் வேலைபார்த்த ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளர். அதன்பின் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்கள், பழிவாங்கலுக்குத் தடை, சுயேச்சையான புகார் வழி ஆகியவை அதில் உண்டு. தினமும் அஞ்சி வேலைசெய்யும் உடல் முடுக்கத்திலேயே இருக்கிறது. அந்த அச்சத்தின் காரணத்தைத் தொட்டது இந்த ஒப்பந்தம். மூச்சுப் பயிற்சி அதைத் தொடாது.

கடிகாரம் கட்டியிருக்கும் தோழிகளே, அதைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. காலையில் ஒரே நேரத்தில், ஓய்வாக அளந்துபாருங்கள். உங்கள் எண்ணை உங்களுடைய முந்தைய வாரங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள், அடுத்தவரோடு வேண்டாம். காய்ச்சலும் தூக்கக் குறைவும்கூட அதை இறக்கும், ஒரு நாள் எண்ணுக்குப் பயப்படாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், விடாத படபடப்பு இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள். உங்கள் எண் முதலாளியின் கைக்குப் போக ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

மேற்பார்வையாளர் கத்தாத ஷிப்ட், வலிக்கும் நாளில் உட்கார ஒரு நாற்காலி, கேட்டவுடன் கழிப்பறைக்குப் போக அனுமதி, வீட்டில் சோறு வடிக்க இன்னொரு கை. இவற்றைச் சலுகை என்று எழுதுவதை நிறுத்துவோம். இவை இதய நலத்துக்கான கோரிக்கைகள்.